முப்பத்தொரு புளியங்கொட்டை: குப்பனூர் பக்கம் போர் போட்ட அனுபவமும், மூன்று பேருக்கு என் மார்க்கும்

எங்கள் தோட்டத்தில் போர் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. போட்ட கையோடு எழுதியிருந்தால் தண்ணீர் வந்த சந்தோஷத்தில் ஐந்து ஸ்டார் கொடுத்திருப்பேன், பில்லைப் பார்த்த சூட்டில் எழுதியிருந்தால் ஒன்றுகூடக் கொடுத்திருக்க மாட்டேன். ஒரு சித்திரை வெயிலைத் தாண்டாத போரைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அப்பாவின் கட்சி. தாண்டிவிட்டது, எழுதுகிறேன்.

இடம், சேலம் பக்கம் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் போகிற வழி. சேர்வராயன் மலை கண்ணுக்கு முன்னால் நிற்கும், மலையில் மழை பெய்கிறதும் தெரியும், ஆனால் தோட்டத்தில் தண்ணீர் கிடையாது. இரண்டேகால் ஏக்கர். தாத்தா காலத்துக் கிணறு ஒன்று, அறுபது அடி, இப்போது அதில் புறாதான் குடியிருக்கிறது. குச்சிக்கிழங்கு வைத்தால் மானத்தைப் பார்க்க வேண்டும், பாக்கு வைக்கலாம் என்றால் நினைக்கவே பயம். சரி, போர் போட்டே ஆக வேண்டும் என்று போன வருடம் பங்குனியில் முடிவெடுத்தோம். பங்குனி, சித்திரைதான் போர் போட நல்ல காலம் என்று எனக்கு இப்போது படுகிறது. ஐப்பசியில் போட்டால் எந்த ஓட்டையிலும் தண்ணீர் வரும், மாசியில் காணாமல் போய்விடும். கோடையில் வருகிற தண்ணீர்தான் நம் தண்ணீர்.

மூன்று பேரிடம் வேலை வாங்கினோம். நீரோட்டம் பார்க்கிற பெரியவர், மீட்டர் வைத்துப் பார்க்கிறவர், அப்புறம் துளை போடுகிற திருச்செங்கோட்டு வண்டி. யார் பெயரையும் எழுதவில்லை. முதல் இருவரும் தனி ஆட்கள். வண்டிக்காரர் விஷயத்தில் பெயர் சொன்னாலும் பிரயோஜனமில்லை, அதே ஏஜெண்ட் அடுத்த ஊருக்கு வேறு பெயர் எழுதின வண்டியை அனுப்புகிறார்.

முதலில் பெரியவர். வீட்டில் அம்மாவுக்காகத்தான் கூப்பிட்டோம். தட்சணை இரண்டாயிரம், வெற்றிலை பாக்கு, போக வர வண்டி. காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஈசானி மூலையிலிருந்து நடக்க ஆரம்பித்தார். வேப்பமரத்துக்குத் தெற்கே வந்ததும் தேங்காய் மெல்ல எழுந்து, குடுமி மேலே பார்க்க நின்றது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ரெண்டு ஓட்டம் கூடுற இடம் கண்ணு இது, நூத்தி எண்பதுல தண்ணி பீச்சும்" என்று சொல்லி ஒரு கல்லை நட்டார். அப்புறம் டீ குடித்துவிட்டு, அப்பா கேட்டார் என்பதற்காக இன்னொரு தடவை நடந்தார். இந்தத் தடவை தேங்காய் அந்தக் கல்லுக்கு நாலு எட்டு முன்னாலேயே எழுந்துவிட்டது. "ஓட்டம் அகலமா இருக்குது" என்றார்.

அவர் போனதும் நானும் தேங்காயைக் கையில் வைத்து நடந்து பார்த்தேன். எனக்கும் எழுந்தது! நடக்கிற நடையில் மணிக்கட்டு ஒரு நூல் சாய்ந்தால் போதும், கனமான பக்கம் கீழே போய் குடுமி மேலே வந்துவிடும், சாய்க்கிறோம் என்பது நமக்கே தெரியாது. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் செய்கிறார். அவருக்கு நிஜமாகவே தெரிந்த விஷயங்களும் உண்டு. ஓடைக்கரையில் இருந்த நாவல் மரத்தையும் புற்றையும் காட்டி, "இந்தப் பக்கம் மண்ணு ஆழம் இருக்கும்" என்று போகிற போக்கில் சொன்னார். அது சரியாகவே இருந்தது. மரத்துக்கு வேர் எட்டுகிற தண்ணீர்தான் தெரியும், நாற்பது அடிக் கிணற்றுக்கு அது நல்ல சாட்சி. முந்நூறு அடியில் கருங்கல்லுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று நாவல் மரம் எப்படிச் சொல்லும்?

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கம் எங்கே குத்தினாலும் முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் தண்ணீராவது (இந்த இஞ்ச் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்) பெரும்பாலும் கிடைத்துவிடும். அதனால் யார் கல் நட்டாலும் பாதிக்குப் பாதி பலிக்கும், பலித்ததை ஊரே பேசும், பலிக்காததை மூடி போட்டு மறந்துவிடுவோம். மனிதருக்கு ஐந்துக்கு நாலரை, தேங்காய்க்கு ஒன்று.

அடுத்து மீட்டர்காரர். சேலத்தில் தனியாகச் செய்கிறவர், நாலாயிரம் வாங்கினார். வேளாண்மைப் பொறியியல் துறையிலும் விவசாயிகளுக்கு இந்த ஆய்வு செய்து தருகிறார்கள், கட்டணமும் குறைவு. நாங்கள் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் தனியாரிடம் போனோம். அவசரம் இல்லாதவர்கள் முதலில் அங்கே கேளுங்கள்.

இவர் வேலை பார்த்த விதம் எனக்குப் பிடித்தது. நாலு இரும்புக் கம்பியை ஒரே நேர்கோட்டில் சுத்தியலால் அடித்து இறக்கினார். வெளியே இருக்கிற இரண்டு கம்பி வழியாகத் தரைக்குள் கரண்ட் விடுவது, உள்ளே இருக்கிற இரண்டு கம்பியில் வோல்ட் அளப்பது, ஒவ்வொரு தடவையும் வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளிக் கொண்டு போவது. அகலம் போகப் போகக் கரண்ட் இன்னும் ஆழத்துக்கு இறங்கும். அதனால் ஒயர் ஆயிரம் அடிக்கு மேல் நீண்டு, எங்கள் வேலியைத் தாண்டி பக்கத்துத் தோட்டத்து மாமா காட்டுக்குள் போய்விட்டது, முன்கூட்டியே சொல்லி வைக்காததால் கொஞ்சம் சங்கடம். தரை காய்ந்து கிடந்ததால் கம்பிக்கு அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார். கம்பி வேலி, ஈபி லைன் பக்கம் போனால் கணக்கு கெட்டுவிடும் என்று அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுத்தான் இடம் பிடித்தார்.

அவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்கே நாலாயிரம் கொடுக்கலாம். "சார், இந்த மீட்டர் தண்ணியக் காட்டாது, கல்லு எங்க இளகியிருக்குதுன்னுதான் காட்டும்." ஈரமான, மக்கிப்போன பாறையில் கரண்ட் சுலபமாக ஓடும், கெட்டிக் கருங்கல்லில் ஓடாது, அவ்வளவுதான் சூத்திரம். நம் சேலம் மண்ணுக்குக் கீழே ஆற்று மணலோ மணற்கல்லோ இல்லை. மலைக்கும் அடிவாரத்துக்கும் சார்னோகைட் என்கிற கருநீலக் கல்லும் நைஸ் பாறையும்தான். அந்தக் கல் தண்ணீரைக் குடிக்காது. மேலே மக்கின அடுக்கிலும், கீழே கல்லுக்கு நடுவே இருக்கிற வெடிப்பிலும்தான் தண்ணீர் நிற்கும். ஆழம் போகப் போக மேலே இருக்கிற பாரத்தில் வெடிப்பு இறுகிக்கொண்டே போகும். "தரைக்குக் கீழே ஆறு ஓடுது" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மூன்று இடம் பார்த்தார். பெரியவர் கல் நட்ட இடத்தில் இருபது அடியிலேயே கெட்டிக் கல் என்று வந்தது. மேற்கே ஓடையை ஒட்டி, அதே நாவல் மரத்துப் பக்கம், ஐம்பத்தைந்து அடி வரை இளக்கம். அங்கே சுண்ணாம்பில் வட்டம் போட்டுவிட்டு ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்: இருநூறுக்குள் ஒரு வெடிப்பு எதிர்பார்க்கலாம், முந்நூறைத் தொட்டு ஒன்று, அதற்குக் கீழே கெட்டி, 350-ல் நிறுத்திவிடவும். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். இவருக்கு ஐந்துக்கு நாலு. ஒரு மார்க் குறைத்தது, கிராஃபை விளக்கச் சொன்னபோது "அது உங்களுக்குப் புரியாதுங்க" என்று சுருட்டி வைத்ததற்கு.

இப்போது வண்டி.

ஏஜெண்ட் சொன்ன ரேட்: 300 அடி வரை அடிக்கு 95 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு நூறுக்கும் ஏறும், 105, 115, 130, அறுநூறுக்கு மேல் 150. மேல்மண் சரியாமல் இருக்க இறக்குகிற கேசிங் பைப் ஏழு இஞ்ச், பத்து கிலோ பிரஷர் தாங்குகிற ரகம், அடி 450. ஆட்களுக்குப் படி 2,500. "முந்நூறு அடி, அறுபது அடி கேசிங், எல்லாம் சேர்த்து அறுபதுக்குள்ள முடிஞ்சிரும்ணா." கணக்குப் போட்டுப் பார்த்தேன், 58,000 வந்தது. ஊராட்சியில் எழுதிக் கொடுக்க வேண்டாமா என்றதற்கு, "அதெல்லாம் யாருங்கண்ணா கேக்குறாங்க" என்றார். 2010-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதலிலேயே, நிலத்துக்காரர் 15 நாள் முன்னால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. நாங்கள் எழுதிக் கொடுத்துத்தான் போட்டோம். நாளைக்கு ஒன்று என்றால் ஏஜெண்டா வந்து நிற்கப் போகிறார்?

செவ்வாய்க்கிழமை காலை என்று சொன்ன வண்டி புதன்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு வந்தது. இரண்டு லாரி. ஒன்றில் டவர், இன்னொன்றில் துளை இறங்க இறங்க ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டுகிற ராடு, பைப், டீசல், ஆட்கள். உள்ளே திரும்பும்போதே மாமாவின் சொட்டுநீர்க் குழாயில் ஏறி இறங்கிவிட்டார்கள், அது தனிச் செலவு. பையன்கள் எல்லாரும் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர். டிரில்லர் தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தமிழ் ஐம்பது வார்த்தை தெரியும், அந்த ஐம்பதிலேயே வேலையை நடத்துகிறான்.

பைப்பை இறக்கும்போது டார்ச் அடித்து அதன் மேல் அச்சடித்திருந்ததைப் படித்தேன். ஆறு கிலோ. பத்து கிலோ என்று பேசியது. கேட்டதற்கு வண்டியோடு வந்த மேனேஜர், "லோடு மாறிருச்சுண்ணா, இதுவும் தாங்கும்" என்றார். பத்து மணி ராத்திரி, இறக்கின பைப், வந்து நிற்கிற வண்டி, திருப்பி அனுப்ப மனது வரவில்லை. அடி 350 என்று குறைத்துப் போடச் சொன்னேன், தலையாட்டினார். தலையாட்டினதற்குச் சாட்சி நானும் அந்த நாவல் மரமும்தான்.

பத்தரைக்கு ஆரம்பித்தது. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அந்தப் பையன்கள் வேலை அவ்வளவு சுத்தம். ஐம்பத்திரண்டு அடியில் கெட்டிக் கல் தட்டியது, மீட்டர்காரர் சொன்னதற்கு மூன்று அடி வித்தியாசம். அறுபது அடிக்குக் கேசிங்கை இறக்கிக் கல்லில் நன்றாக உட்கார வைத்தார்கள். அங்கே இடுக்கு விட்டால் காலத்துக்கும் சேறு வரும். அப்புறம் கல்லைக் குடைகிற ஆறரை இஞ்ச் பிட்டைப் போட்டார்கள். கம்ப்ரசர் காற்றில் கல்மாவு வெள்ளைப் புகையாக எழுந்து, பாதி ஊருக்குத் தூக்கம் போயிருக்கும்.

டிரில்லர் தம்பி ஒவ்வொரு ராடுக்கும் ஒரு தடவை, வெளியே வந்து விழுகிற கல்துகளை மண்வெட்டியில் ஏந்தி, வாட்டர் கேனில் இருந்து கொஞ்சம் ஊற்றிக் கழுவி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பான். என்னிடமும் காட்டினான். நூற்றி எண்பது வரை நீலச் சாம்பல் நிறம், மாவு மாதிரி, மழமழவென்று. பத்தாவது ராடு பாதியில் சட்டென்று அரையடி தானாக இறங்கியது. சத்தம் மாறியது. கையில் வந்த துகள் பெரிசு பெரிசாக, ஒரு பக்கம் துருப்பிடித்த இரும்பு மாதிரி பழுப்புக் கறை. "அண்ணா, தண்ணி போன ரோடு" என்றான். கல்வெடிப்பில் காலம் காலமாகத் தண்ணீர் ஓடியதால் வந்த கறை அது. இரண்டு நிமிடத்தில் புகை அடங்கி, சேறாகி, பிறகு தண்ணீராகக் கொட்டியது. 185 அடி. அம்மா அந்த நேரத்திலும் ஓடிப்போய்ச் சூடம் கொண்டு வந்தார். பெரியவர் 180 என்றாரே என்றும் சொன்னார். அவர் சொன்ன இடம் இது இல்லையே அம்மா என்று நான் சொல்லவில்லை.

310-ல் இன்னொரு வெடிப்பு, தண்ணீர் இன்னும் ஏறியது. அப்போது மணி ஒன்றே முக்கால் இருக்கும். சட்டைப் பையில் தாள் இருக்கிறது. 350-ல் நிறுத்து என்று இருக்கிறது. பதினெட்டாவது ராடு பாதி இறங்கும்போது நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். மேனேஜர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகப் பேச ஆரம்பித்தார். "அண்ணா, இது மேல் தண்ணி. கோடையில போயிரும். அடியில ஒரு தண்ணி பிடிச்சாத்தான் நிக்கும். வண்டி நிக்கும்போதே ஒரு நூறு போயிருங்க, நாளைக்குத் திரும்பக் கூப்பிட்டா அந்தச் செலவு வேற." ராத்திரி இரண்டு மணிக்கு, அந்த இரைச்சலில், புழுதிக்குள், இந்தப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு யாருக்கும் வராது. அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற ஆள்தான் இன்னும் எத்தனை அடி என்று யோசனையும் சொல்கிறார் என்பது எனக்கு மறுநாள் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. 400, 450, 500. சாம்பல் மாவு. 550, அதே மாவு. டிரில்லர் தம்பி 480-லேயே கையை விரித்துக் காட்டி, "அண்ணா, கெட்டி. தண்ணி இல்ல" என்றான். மேனேஜர் அவனைப் பார்த்த பார்வையில் அப்புறம் அவன் துகளைக் காட்டவே இல்லை. விடிகிற நேரத்தில் அப்பா எழுந்து வந்து "போதும் நிறுத்துங்க" என்றார். நின்றது.

அப்பா விடிகாலையில் எழுந்து வந்தார் என்றேன், ஆனால் தூங்கவில்லை. கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே, ஒவ்வொரு ராடு மாட்டும்போதும் பக்கத்தில் இருந்த தூக்குச்சட்டியில் ஒரு புளியங்கொட்டை போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கே தெரியாது. ராடு ஒன்று இருபது அடி.

பில் வந்தது. 660 அடி. கேசிங் அறுபது அடி, 450 ரேட்டில். மூடி, வெல்டிங் என்று 1,500. மொத்தம் 1,03,500.

அப்பா ஒன்றும் பேசாமல் தூக்குச்சட்டியை எடுத்து வந்து லாரி படியில் கவிழ்த்தார். "எண்ணு தம்பி" என்றார். மேனேஜர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. முப்பத்தொன்று. 620 அடி. "ராடுக்கு அடியில மாட்டுற ஹேமர் நீளம் இருக்குதுங்கய்யா" என்றார் மேனேஜர். "ஹேமர் நாப்பது அடியா இருக்குது?" என்று கேட்டார் அப்பா. அதற்குள் டிரில்லர் தம்பி லாரியில் அடுக்கியிருந்த ராடுகளைத் திரும்ப எண்ணிக் கொண்டிருந்தான், யாரும் சொல்லாமலே. அவனும் 31 என்றான். அந்த இடத்தில் பேச்சு முடிந்தது. இரண்டு ராடுக்கு 6,000, பைப் வித்தியாசம் 6,000, போடவே போடாத மூடிக்கு 1,500, ஆக 13,500 குறைந்து 90,000-த்தில் நின்றது.

தண்ணீர் அளவிலும் ஒரு விளையாட்டு உண்டு, அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். வாய்க்காலில் வி வெட்டு வைத்த தகட்டை நட்டு, அந்த வெட்டில் எத்தனை இஞ்ச் உயரத்துக்குத் தண்ணீர் போகிறது என்று பார்ப்பார்கள். அதுதான் "ரெண்டு இஞ்ச் தண்ணி, மூணு இஞ்ச் தண்ணி" என்கிறோமே அந்தக் கணக்கு. மேனேஜர், காற்றை ஒரு நிமிடம் அடைத்துவிட்டுத் திறந்து, குபீரென்று வந்த நேரத்தில் தகட்டைப் பார்த்து "ரெண்டரை" என்றார். இருபது நிமிடம் ஒரே சீராக விடச் சொல்லி நான் பார்த்தபோது ஒன்றே முக்கால். முக்கால் இஞ்ச்தானே என்று தோன்றும். ஆனால் வி வெட்டில் உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் ஆகும். ஒரு இஞ்ச் என்பது மணிக்கு ஏறக்குறைய 500 லிட்டர், இரண்டு இஞ்ச் 2,900, இரண்டரை என்றால் 5,000. எங்கள் ஒன்றே முக்கால் மணிக்கு 2,000 சொச்சம்தான். முக்கால் இஞ்சில் பாதிக்கு மேல் தண்ணீர் காணாமல் போகிறது! அளக்கும்போது பக்கத்தில் குனிந்து நின்று பாருங்கள், செல்போனில் படமும் எடுத்து வையுங்கள்.

350-க்குக் கீழே போன 270 அடிக்கு நான் கொடுத்தது 32,750 ரூபாய். அதில் ஒரு சொட்டு கூடுதல் தண்ணீர் இல்லை. ஓட்டையில் தண்ணீர் தேங்கி நிற்கும் அல்லவா, அது லாபம்தானே என்று மச்சான் ஆறுதல் சொன்னான். கணக்குப் பார்த்தேன். ஆறரை இஞ்ச் ஓட்டை, 270 அடி, ஏறத்தாழ 1,750 லிட்டர். மொட்டை மாடியில் வைக்கிற இரண்டாயிரம் லிட்டர் டேங்கைவிடக் கம்மி. அந்தத் தண்ணீரை எடுக்க மோட்டாரை அறுநூறு அடிக்கு இறக்க வேண்டும், அது இன்னும் தண்டம்.

மன்னிக்கவே முடியாத ஒன்று இருக்கிறது. போகும்போது போர் வாயில் ஒரு சாக்கைச் சுருட்டி வைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மூடிக்கு பில் போடத் தெரிந்தது, மூடத் தெரியவில்லை. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை விழுந்தபோது நாலு நாள் தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. என் அக்கா பையனுக்கு மூன்று வயது, அன்று காலை அந்த இடத்தில் சேற்றில் விளையாடிக் கொண்டிருந்தான். வண்டி ரோடு ஏறுவதற்குள் நான் பைக்கில் போய் இரும்பு மூடி வாங்கி வந்து போல்ட் போட்டேன். கேசிங்கைச் சுற்றி சிமெண்ட் மேடை கட்டச் சொல்லியும் அந்த உச்ச நீதிமன்ற வழிகாட்டுதலில் அளவோடு இருக்கிறது: அரை மீட்டருக்கு அரை மீட்டர், தரைக்கு மேலே 30 சென்டிமீட்டர், கீழே 30. இரண்டு மூட்டை சிமெண்ட் வேலை. வண்டி போன அன்றைக்கே செய்யுங்கள்.

மறுநாள் மாமா வந்தார். "மாப்ள, ராத்திரியில இருந்து என் போர்ல கலங்கலா வருது" என்றார். அவருடையது எங்களிடமிருந்து 250 அடி தள்ளி. இரண்டு நாளில் தெளிந்துவிட்டது, ஆனால் அவர் வெடிப்பும் எங்கள் வெடிப்பும் ஒன்றுதான் என்பதும் தெளிந்துவிட்டது. ஒரே குடத்தில் இரண்டு பேர் மொள்கிற கதை. இப்போது அவர் காலையில் ஓட்டுகிறார், நாங்கள் சாயங்காலம். சொட்டுநீர்க் குழாயை மாற்றிக் கொடுத்ததால் முகம் கொடுத்துப் பேசுகிறார்.

மோட்டார் கடையில் 620 அடி என்றதும் ஏழரை ஹெச்பி எடுத்துக் காட்டினார்கள். மணிக்கு இரண்டாயிரம் லிட்டர் வருகிற போருக்கு அது எதற்கு? பத்து நிமிடத்தில் உறிஞ்சிவிட்டுக் காற்றை இழுத்து எரிந்து போகும். மூன்று ஹெச்பி சப்மெர்சிபிள், 340 அடியில் தொங்குகிறது, இன்றுவரை பிரச்சினை இல்லை.

தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் வந்தது. ஒன்றுக்குள் இருப்பது நல்லது, ஒன்றரையைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. வாசலில் விளையாடுகிற பிள்ளைகள் பல்லை நினைத்துக் குடிக்க மட்டும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர். கடினத்தன்மையும் கொஞ்சம் ஜாஸ்தி. அம்மாவுக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை, முதல் நாளே துவரம்பருப்பை வேக வைத்துப் பார்த்து, "இது செடிக்குத்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டார்.

இந்தச் சித்திரையில் நிலவரம்: தொடர்ந்து ஒன்றேகால் மணி நேரம் ஓடுகிறது, அப்புறம் இரண்டு மணி நேரம் விட வேண்டியிருக்கிறது. பழைய கிணற்றில் விட்டுத் தேக்கி, அதிலிருந்து சொட்டுநீருக்கு எடுக்கிறோம். புறாக்கள் இடம் மாறிவிட்டன. ஒரு ஏக்கருக்குப் போதும், இரண்டேகாலுக்குப் போதாது. "மேல் தண்ணி கோடையில போயிரும்" என்றாரே, போகவில்லை.

வண்டிக்கு மார்க்: துளை போட்ட வேலைக்கு நாலரை, அதில் பெரும்பங்கு டிரில்லர் தம்பிக்கு. பில்லுக்கு ஒன்றரை. சாக்கு வைத்து மூடினதற்கு எதுவும் கிடையாது.

ஆவணியில் மச்சான் வாழப்பாடி பக்கம் போர் போடப் போகிறான், ஐப்பசி வரை இழுக்காதே என்று சொல்லியிருக்கிறேன், சித்திரைக்குக் காத்திரு என்றால் கேட்கிற ஆள் இல்லை. அதே வண்டியைத்தான் கூப்பிடுகிறோம், அந்தத் தம்பி இன்னும் அதில்தான் இருக்கிறான் என்று ஃபோனில் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டேன். ஆழம், பைப் கிலோ, மூடி எல்லாம் முன்கூட்டியே தாளில் எழுதி மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும், பகலில்தான் ஓட்ட வேண்டும் என்று பேசியாயிற்று. அப்பாவும் வருகிறார், தூக்குச்சட்டியோடு.